மீன்மேல் போட்ட பழி

புதுச்சேரியில் நான் போட்ட முதல் சண்டை ஆட்டோக்காரரோடு. பேருந்து நிலையத்தில் ஏறி உட்கார்ந்து "சாரம் போகணும்" என்று தெளிவாகத் தமிழில் சொன்னேன். அவர் என்னைக் கொண்டுபோய்க் கடற்கரைச் சாலையில் இறக்கினார். மஞ்சள் சுவர், காகிதப்பூ, சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம்.

"நான் சாரம்னுதானே சொன்னேன்?"

"சக்கரம் வச்ச பொட்டி இருந்துச்சா, பீச்சுக்குத்தான் வந்திருப்பீங்கன்னு நெனச்சுட்டேன்க்கா. சாரத்துல பாக்கறதுக்கு என்னா இருக்கு?"

"பாக்க வரல. வேலைக்கு வந்திருக்கேன்."

திரும்பும் வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டே வந்தார். என்னை அல்ல, குறுக்கே போன எல்லோரையும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் மலேசியாவில் கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதி. தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று கொண்டுவரப்படுகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புகிறோம். பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சில பேர் மறுபடி வரும்போதுதான் தெரியும். இதை முறையாக ஆராய வேண்டும் என்று எங்கள் பெரிய டாக்டருக்குத் தோன்றியது. புதுச்சேரியில் ஒரு குழு இதே ஆராய்ச்சியைச் செய்கிறது, தமிழ் பேசும் நோயாளிகளிடம் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்து வா என்று என்னை அனுப்பினார். இனிமையாகப் பேச வேண்டிய வேலைக்கு என்னை அனுப்பியது அவருடைய தப்பு.

மறுநாள் காலை அறைக்குப் பக்கத்து பேக்கரியில் நீள ரொட்டி வாங்கித் தேநீரில் முக்கிச் சாப்பிட்டேன். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள், அவரும் சொல்தாவாம். ரொட்டியை விரலால் அழுத்திப் பார்த்து, "இது ரொட்டியா, தலகாணியா?" என்று கடைக்காரரைக் கேட்டார். பிறகு அதையே வாங்கிக்கொண்டு "மெர்சி" சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் போடுகிறவரை இப்படிக் கேட்டால் கடைக்குள் விடமாட்டார்.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றியவள் ஜெயந்தி, குழுவின் சமூகப் பணியாளர். முப்பது வயது இருக்கும். வாயில் எப்போதும் ஏலக்காய். ஸ்கூட்டரை ஓட்டும்போதும் பேசுவாள், திரும்பிப் பார்த்துப் பேசுவாள்.

அவசரப் பிரிவு எங்கள் ஊர் மாதிரியேதான் இருந்தது. கூட்டம் மட்டும் கூட. ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் கூட இருக்கலாம் என்று சுவரில் எழுதியிருந்தது, அதன் கீழேயே ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள். ஒரு பணியாளர், கட்டிலில் கிடந்த கல்லூரி மாணவனைப் பார்த்து, "உனக்கெல்லாம் என்னடா கொறச்சல்? பெத்தவங்கள நெனச்சியா?" என்று சத்தம் போட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எங்கள் ஊரிலும் இதே வசனத்தை மூன்று மொழிகளில் கேட்டிருக்கிறேன். மூன்றிலும் யாரும் அதனால் குணமாகிப் பார்த்ததில்லை.

குடும்பங்கள் பொய் சொல்கின்றன. எல்லோரும் ஒரே பொய். தெரியாமல் குடித்துவிட்டார், தூக்கத்தில் மாத்திரை மாறிவிட்டது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. போலீஸ் வரும் என்ற பயம். எங்கள் நாட்டிலும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை இது குற்றம். சட்டத்தை மாற்றிவிட்டார்கள், இங்கேயும் மாறியிருக்கிறது என்றாள் ஜெயந்தி. "சட்டம் மாறிடுச்சு மேடம். தெரு மாறல. பொண்ணு குடுக்கறவன், எடுக்கறவன், வாடகைக்கு வீடு விடறவன், எவனும் மாறல."

அவள் வேலை செய்யும் விதம் இது. நோயாளி தெளிந்த பிறகு போய் உட்காருவாள். கூட இருப்பவரை இளநீர் வாங்கிவர அனுப்புவாள். இளநீர்க்கடை தூரம். அந்த நேரத்தில் பேசிவிடுவாள். சம்மதம் கேட்டு, நடந்ததைக் கேட்டு, கடைசியாக ஒரு கேள்வி. அதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வீட்டுக்குப் போனப்புறம் நான் போன் பண்ணுவேன். வேற யாராவது எடுத்தா, என்னை யாருன்னு சொல்லட்டும்?"

நோயாளிதான் முடிவு செய்கிறார். ஒருவருக்கு ஜெயந்தி இன்ஷூரன்ஸ் மேடம். ஒருவருக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு மிஸ். கோரிமேட்டிலிருந்து தமிழ்நாட்டு எல்லை தாண்டி பஸ்ஸில் போகும் ஒரு பெண்ணுக்குத் தையல் டீச்சர்.

"அந்தப் பொண்ணோட மாமியார் போன மாசம் ரெண்டு ஜாக்கெட் துணி குடுத்துவுட்டாங்க மேடம். அளவு ஜாக்கெட்டோட."

"நீ என்ன பண்ணே?"

"என்னா பண்றது? டெய்லர்கிட்ட குடுத்து தச்சுக் குடுத்துட்டேன். கை கொஞ்சம் டைட்டுன்னு சொன்னாங்களாம்."

நான் சிரிக்கவில்லை. ஏற்கெனவே வீடு முழுக்கப் பொய். அதன் மேல் நாமும் ஒரு பொய்யா என்று கேட்டேன். "போன் பண்ணாம இருக்கறதுக்கு இது தேவல மேடம்" என்றாள். வீட்டுக்குப் போன முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. அது எனக்கும் தெரியும்.

அன்று பிற்பகல் கலையைப் பார்த்தோம். பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். கலைக்கு முப்பத்து நான்கு வயது. நோணாங்குப்பத்தில் வீடு, படகுத் துறைக்குப் பக்கம். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் கணவரின் அக்கா இருக்கிறார். காரணம் என்ன என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒரு காரணம் இல்லை. ஒரு காரணம் மட்டும் உள்ள ஆளை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை.

"வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றாள் கலை. "மீனு ஒத்துக்கலன்னு சொல்லிட்டேன். அண்ணி நம்பிட்டாங்க. ஆட்டோ வச்சு அவங்கதான் கூட்டியாந்தாங்க."

"அண்ணிகிட்ட மட்டும் சொல்லலாமா? ஒருத்தருக்காவது தெரிஞ்சா நல்லது" என்றாள் ஜெயந்தி.

"ஐயோ. தெரிஞ்சா அந்த வூட்டுல நான் இருக்க முடியாது. அண்ணி வாய் உங்களுக்குத் தெரியாது."

வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு பெண் இந்த நிலையில் வீடு திரும்புவது எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது. யார் பார்த்துக்கொள்வார்கள்? அவளுடைய முகம் கோணும் நாளில் யார் பக்கத்தில் உட்காருவார்கள்? சொல்லியே ஆக வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். ஜெயந்தி என் காலை மிதித்தாள். பிறகு வழக்கமான கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

கலை என்னைப் பார்த்தாள். நான் எங்கிருந்து வந்தவள் என்று ஜெயந்தி முதலிலேயே சொல்லியிருந்தாள். "இவங்க மலேசியாதானே? இவங்களே பேசட்டும். எங்க அம்மா வழில, மலேசியா அக்கான்னு சொல்லிக்கறேன். அம்மாதான் இல்லையே, யாரு கேக்கப் போறா?"

வெளியே வந்ததும் ஜெயந்தி தலையில் கைவைத்தாள். "சொந்தம்னு மட்டும் வேணாம்னு எப்பவும் சொல்லுவேன். இன்னிக்கி வுட்டுட்டேன். டீச்சர்னா ஒரு ஜாக்கெட்டோட போச்சு. சொந்தம்னா வுடவே மாட்டாங்க மேடம்."

அவள் சொன்னது சரி. கலை வீடு திரும்பி இரண்டு நாள் கழித்து நான் போன் செய்தேன். எடுத்தது அண்ணி சரோஜா.

"யாரு?"

"மலேசியாலேர்ந்து... கலைக்கு அக்கா முறை."

"கலைக்கு அக்காவா? எப்ப வந்தீங்க? எங்க இருக்கீங்க? சாரத்துல ரூம் எடுத்தா? சொந்தக்காரங்க நாங்க இருக்கும்போது ரூம் எடுத்துத் தங்குனா நாலு பேரு எங்கள என்னா நெனப்பாங்க? ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வந்துடுங்க. மீன் சாப்புடுவீங்கல்ல? அப்ப சரி."

"சாரத்துல ரூம்" என்பதற்கு மேல் பதில் சொல்ல இடமே விடவில்லை. இருபத்தைந்து வருடமாக எல்லோரையும் அதட்டிப் பழகியவள் நான். என்னையே ஒருத்தி அதட்டி வைத்துவிட்டாள்.

போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஜெயந்தி கலையிடம் பேசிப் பார்த்தாள். கலை கெஞ்சினாளாம். "வரலன்னா நான் சொன்னது பொய்யின்னு தெரிஞ்சுடும். அதுக்கு மேல தோண்டுவாங்க." ஆக, நான் போகாவிட்டால் அவள் மாட்டிக்கொள்வாள். போனால் நான் பொய் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடலூர் பேருந்தில் ஏறினேன். காதைக் கிழிக்கும் பாட்டு. டிக்கெட் வாங்கியபோது கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நோணாங்குப்பம் பாலத்தில் பேருந்து பறந்தபோதுதான் எழுந்தேன்.

"நிப்பாட்டுங்க, நோணாங்குப்பம்!"

"இது நிக்காதும்மா. ஏறும்போது கேக்க மாட்டீங்களா?"

"டிக்கெட் குடுக்கும்போது நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"நீங்க கேக்கலியே."

தவளக்குப்பத்தில் இறக்கிவிட்டார்கள். வெயிலில் திரும்பி நடந்தேன். கிள்ளானில் பேருந்தே வராது, அதனால் இந்தப் பிரச்சினை இல்லை. படகுத் துறை வாசலில் பெங்களூர்க் கார்கள் வரிசையாக நின்றன. குடும்பம் குடும்பமாகத் தொப்பி வாங்கிக்கொண்டு தீவுக் கடற்கரைக்குப் படகேறக் காத்திருந்தார்கள். ஓரமாக வறுத்த மீன் கடைகள். நாலைந்து கடைகளில் கூட்டம் மொய்த்தது. ஒரு கடை மட்டும் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருந்தது. தோள் துண்டோடு நின்ற ஒரு கடைக்காரரிடம் சரோஜா வீடு எங்கே என்று கேட்டேன்.

"சரோஜாவா? அதோ மூடியிருக்குது பாருங்க, அதான் அவங்க கடை. வூடு பின்னால. சாப்புடப் போறீங்களா? பாத்துச் சாப்புடுங்க. அவங்க மீனத் தின்னு அவங்க வூட்டுப் பொண்ணே ஆஸ்பத்திரில கெடந்துச்சு."

பக்கத்துக் கடையில் சிரித்தார்கள்.

வீட்டு வாசலில் நின்ற சரோஜா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். நாற்பத்தைந்து வயது, முன்கையெல்லாம் எண்ணெய் தெறித்த வடு. ஒரு நொடி அவர் முகம் மாறியது. பிறகு, "வாங்க வாங்க, வெயில்ல நடந்தா வந்தீங்க?" என்று உள்ளே கூட்டிப் போனார். கலை அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். பரீட்சை எழுதப் போகிறவள் முகம்.

மலேசியா விருந்தாளியைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண் வேறு வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் முதல் கவளத்தை எடுக்கும்போதே ஆரம்பித்தாள்.

"நீங்க கலைக்கு எந்த வழில சொந்தம்?"

என் காது சூடானது. கலை தண்ணீர்ச் செம்பை நழுவவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா சொன்னார்:

"இவங்க அம்மாவும் கலையோட அம்மாவும் அக்கா தங்கச்சி மக்க. அந்தக் காலத்துலயே கப்பல் ஏறிட்டாங்க. நடுவுல போக்குவரத்து வுட்டுப்போச்சு. கலை கல்யாணத்துக்குக்கூட பத்திரிக வச்சோம், விசா கெடைக்கல."

அப்படி ஒரு பொய்யை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. காது சிவக்கவில்லை, கண் சிமிட்டவில்லை, கரண்டி நிற்கவில்லை. விசா வரை போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பெண் திருப்தியோடு தலையாட்டினாள். நான் குனிந்து சாப்பிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வஞ்சிரம் வறுவல், மாங்காய் போட்ட மீன் குழம்பு, ரசம். எங்கள் ஊரில் மீன் குழம்பில் வெண்டைக்காய் போடுவோம், தேங்காய்ப்பாலும் ஊற்றுவோம். இது காரமும் புளிப்பும் மட்டும். மூக்கில் நீர் வடிய வடியச் சாப்பிட்டேன். மீன் அன்றைக்குக் காலையில் கடலில் இருந்த மீன்.

"பயமில்லாம சாப்புடறாங்களே" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், சரோஜாவைப் பார்த்துச் சிரித்தபடி. சரோஜா சிரிக்கவில்லை. என் இலையில் இன்னொரு துண்டு வைத்தார்.

அவள் போன பிறகு கலை பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். நான் கை துடைத்துக்கொண்டு நின்றேன். சரோஜா வாசல் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க ஆஸ்பத்திரிக்காரங்கதானே? அன்னிக்கி நான் இளநி வாங்கியாந்தப்ப நீங்க வெளில போனீங்க. கழுத்துல அட்டை போட்டிருந்தீங்க."

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வதற்கு எனக்கு உரிமையில்லை.

"நீங்க சொல்ல வேணாம். மீனு ஒத்துக்கலன்னு அது சொன்னப்பவே எனக்குத் தெரியும். எங்கம்மா மில்லு வேலை போனப்புறம் போட்ட கடைங்க இது. கெட்ட மீனு எம் வூட்டு வாசப்படி ஏறாது. அத யாருகிட்ட சொல்றது? சொன்னா, அப்ப என்னா ஆச்சின்னு கேப்பான். அதான் ஆமா, என் மீனுதான், நேத்து மீனத் தெரியாம குடுத்துட்டேன்னு தெரு பூரா நானே சொன்னேன். டாக்டருகிட்டயும் சொன்னேன்."

"கடை?"

"எவன் வருவான்? கெடக்குது வுடுங்க. ஆறு மாசம் போனா மறந்துடுவான்."

கலை இவருக்குத் தெரியக்கூடாது என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இவர் தனக்குத் தெரிந்தது வெளியே தெரியக்கூடாது என்று கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே வீடு. நடுவில் ஒரு சுவர்.

"கலைகிட்ட இதப் பேசினீங்களா?"

"நானா? அது எப்டி? பேசுனா மறுபடி ஞாபகம் வந்துடாதா? நானே அந்த நெனப்ப எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதா? வூட்டுல எதையும் கைக்கு எட்டுற மாதிரி வைக்கல. ராத்திரி அது பக்கத்துலதான் படுக்கறேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அது நல்ல வேலை. ஆனா கேக்கறதால யாருக்கும் அந்த நெனப்பு புதுசா வராது" என்றேன். "இருக்கிற நெனப்பத்தான் வெளிய சொல்லுவாங்க. கேக்காததாலதான் அது தனியா கெடக்குது. நேராவே கேளுங்க. சுத்தி வளைக்காதீங்க."

"நீங்க கேளுங்களேன். நீங்க படிச்சவங்க."

"நான் நாளைக்கு பிளேன் ஏறிடுவேன். இங்க இருக்கப் போறது நீங்கதான்."

"எம் வாய் நல்ல வாய் இல்லம்மா. ஏதாவது தப்பாக் கேட்டுடுவேன்."

"என் வாயும் நல்ல வாய் இல்ல. இருபத்தஞ்சு வருசமா அத வச்சுத்தான் கேக்கறேன்."

அவர் என்னை முறைத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். சண்டைக்குப் போகிறவர் மாதிரி பின்பக்கம் நடந்தார். நான் அடுப்படி வரை போய் நின்றுகொண்டேன். வீட்டைவிட்டு வெளியே போயிருக்க வேண்டும்தான். போகவில்லை. கேட்டது அவர் என்றாலும் கேட்கச் சொன்னது நான்.

"ஏய் கலை. எம் மீனு நல்ல மீனுதான்னு ஒனக்குத் தெரியுமா?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"தெரியும் அண்ணி."

"எனக்கும் தெரியும். அன்னிலேர்ந்து தெரியும்." சரோஜாவின் குரல் எனக்குப் பழக்கமில்லாத மாதிரி இருந்தது. "நான் கத்த மாட்டேன். கேக்கறதுக்கு மட்டும் சொல்லு. சாவலாம்னு இன்னும் தோணுதா?"

"நேத்து தோணுச்சு."

"நேத்து எப்ப?"

"சாயந்தரம். நீங்க மாவாட்டப் போனப்ப."

"இன்னிக்கி?"

"இல்ல. இன்னிக்கி இவங்க வராங்கன்னு பயத்துலயே போச்சு."

சரோஜா குழாயை மூடினார். எட்டிப் பார்த்தேன். ஈரக்கல்லில் புடவையோடு உட்கார்ந்திருந்தார். கலையின் சோப்புக் கையைப் பிடித்திருந்தார். அதற்குப் பிறகுதான் நான் வாசலுக்குப் போனேன்.

அன்று மாலை ஜெயந்தியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கே மனநல டாக்டரப் பாக்க வரச் சொல்லணும், நான் கலைகிட்ட பேசறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். பேசிவிட்டு வந்து, "வராங்களாம். மேடம், என்னையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாங்க. யாருன்னு சொல்லிக்கிட்டு வரதுன்னு கேட்டேன். ஜெயந்தின்னு வான்னு சொன்னாங்க சரோஜாம்மா" என்றாள்.

திங்கட்கிழமை காலை, கிளம்புவதற்கு முன் நன்றி சொல்ல மருத்துவமனைக்குப் போனேன். புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நின்றது. தலைகளுக்கு மேலே ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"மனநோய் டாக்டரு எந்த ரூமுன்னு கேட்டா வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? நாங்க என்னா பொருட்காட்சிக்கா வந்திருக்கோம்?"

வரிசையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கலை முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு அவர் கையை இழுத்தாள்.

"மெதுவா பேசுங்க அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வரிச போயிடப் போவுது, நீ நகரு" என்றார் சரோஜா, அவளைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு.